அந்த பிடிஎஃப் லைப்ரரி: தமிழ் எழுத்து சூப்பர், தேர்ட் பார்ட்டி லைசன்ஸ் ஒரே வெப்ராளம்

மார்த்தாண்டத்துல பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணுத நண்பன் போன்ல கேட்டான், "மக்கா, நீ போட்டுருக்க அந்த பிடிஎஃப் லைப்ரரி புது வெர்ஷன்ல லைசன்ஸ் விஷயத்த எல்லாம் சரி பண்ணிட்டானுவளாமே, நானும் எடுத்துப் போடவா?" சரி பண்ணிட்டானுவன்னு கேட்டதும் எனக்கு வந்த கோவத்துல போன்ல ஒழுங்கா பதில் சொல்ல முடியல, அதான் எழுதுதேன். பில்ல பிடிஎஃப்-ஆ ஆக்கித் தாற ரெடிமேட் கோடுதான் அந்த லைப்ரரி; லைசன்ஸ் விஷயம்னா, அதுக்குள்ள சேத்திருக்க மத்தவங்க கோட என்ன நிபந்தனையில பயன்படுத்தலாம்ங்குதது. லைப்ரரி பேரு வேண்டாம்.

நல்லத மொதல்ல சொல்லிருதேன். எங்க சாஃப்ட்வேர் ஓடுதது ரப்பர் ஷீட் வாங்குத கடை, ஹார்டுவேர் கடை, தோவாளையில பூக்கடை இப்படி. பில்லுல அட்ரஸ் தமிழ்ல வரணும்னு எல்லாரும் கேப்பாங்க. கொல்லங்கோடு, கொட்டாரம், கோட்டாறு, தோவாளை, நம்ம மாவட்டத்துல பாதி ஊருக்கு கொம்பு இல்லாம பேரே எழுத முடியாது. பழைய லைப்ரரில 'கொ' அடிச்சா க முன்னால வந்து நிக்கும், கொம்பும் காலும் பின்னால தொங்கும். யூனிகோட்ல வரிசையே அப்படித்தான், மெய் மொதல்ல, உயிர்க்குறி பொறவு, கொம்ப எடுத்து முன்னால வைக்கிறது ஷேப்பிங் எஞ்சின்னு, எழுத்த சரியான உருவத்துல அடுக்குத கோடோட வேலை. இந்த லைப்ரரி உள்ள ஹார்ஃப்பஸ்னு அப்படி ஒரு எஞ்சின் வச்சிருக்கதால அந்த வேலைய அழகா செய்யுது, ஸ்ரீ கூட உடையாது, ரோல் பிரிண்டர்ல சின்ன சைஸ்ல அடிச்சாலும் தெளிவா வருது. இத்தன வருஷத்துல எழுத்துக்குன்னு ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல. கொள்ளாம், அதுல மறுபேச்சே இல்ல.

இனி லைசன்ஸ். ரூட்ல, அதாவது மேல் ஃபோல்டர்ல, இருக்குத லைசன்ஸ் ஃபைல் எம்ஐடி, ரொம்ப லேசான நிபந்தனை உள்ள லைசன்ஸ். அதப் பாத்துட்டுதான் எல்லாரும் "எம்ஐடிதானே"ன்னு எடுத்துப் போடுதாங்க. உள்ள மத்தவங்க எழுதுன கோட வைக்குத தேர்ட் பார்ட்டின்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதத் தொறந்தா ஹார்ஃப்பஸ், ஃபான்ட்ட வரையுத ஃப்ரீடைப், சுருக்கி வைக்குத ஸட்லிப், படத்துக்கு ஜேபெக் லைப்ரரி, அரபிக்கு ஃப்ரிபிடி, பத்தாததுக்கு ஒரு தமிழ் ஃபான்ட். ரொம்ப நாளா இதுக்கெல்லாம் சேத்து ரீட்மீங்குத விளக்க ஃபைல்ல ஒரே ஒரு வரி: சில பகுதிகளுக்கு அதனதன் லைசன்ஸ் பொருந்தும். சவம், எந்தப் பகுதிக்கு என்ன லைசன்ஸ்னு சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?

சர்வர்ல மட்டும் ஓடுன காலத்துல இத யாரும் கேக்கல. கடைக் கம்ப்யூட்டர்ல எக்ஸி-யா, அதாவது ரெடியா ஓடுத புரோகிராமா, இன்ஸ்டால் பண்ணிக் குடுக்க ஆரம்பிச்சா அது விநியோகம், அப்ப ஒவ்வொரு லைசன்ஸும் கேக்குததையும் செய்யணும். துபாய்ல கடை வச்சிருக்க நம்ம குளச்சல்காரர் ஒருத்தருக்கு தமிழும் அரபியும் சேந்த பில் வேணும்னு பேசி முடிச்சா, அவரு ஐடி ஆளுங்க உள்ள என்னென்ன இருக்கு, வெர்ஷன் என்ன, லைசன்ஸ் என்ன, எஸ்பிடிஎக்ஸ்ங்குத சாஃப்ட்வேர் பட்டியல் ஃபார்மட்ல தாங்கன்னு நின்னுட்டாங்க. நியாயம்தான், அது 2021லயே ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்ட் ஆயாச்சு.

உக்காந்து ஒவ்வொண்ணா தோண்டுனேன். ஸட்லிப் தங்கமான ஆளு, பேரு சொன்னா சந்தோஷம், சொல்லாட்டியும் பரவால்லன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. ஜேபெக் லைப்ரரி, எக்ஸி மட்டும் குடுத்தா கூட வாற டாக்குமென்ட்ல இன்டிபென்டன்ட் ஜேபெக் குரூப் பேரப் போட்டு ஒரு வாக்கியம் எழுதணும்னு சொல்லுது, போட்டாச்சு. ஃப்ரீடைப் ரெண்டு லைசன்ஸ் தருது, அவங்க சொந்தது இல்லன்னா, சோர்ஸையும் (மூலக் கோடு) சேத்துக் குடுக்கச் சொல்லுத ஜிபிஎல் 2, நமக்கு வேண்டியத எடுத்துக்கலாம்.

ஃப்ரிபிடிலதான் மாட்டுனது. அரபிய வலமிருந்து இடமா அடுக்குத வேலை அதோடது, லைசன்ஸ் எல்ஜிபிஎல் 2.1, ஜிபிஎல்லோட கொஞ்சம் தளர்ந்த தம்பி. எக்ஸிக்கு வெளிய தனி ஃபைலா நிக்குத டிஎல்எல்-ஆ இருந்தா லைசன்ஸையும் சோர்ஸையும் கூட வச்சு, பயன்படுத்திருக்கோம்னு தெளிவா எழுதிட்டா பெரும்பாலும் தீந்துது. இந்த லைப்ரரியோட பில்டு, அதாவது கோட எக்ஸி ஆக்குத ஏற்பாடு, அத ஸ்டாட்டிக்கா இழுத்து எங்க எக்ஸிக்குள்ளயே ஒட்டி விட்டுருது. அப்படின்னா கஸ்டமர் ஃப்ரிபிடிய மாத்தி திரும்ப லிங்க் பண்ணிக்கிடுத மாதிரி ஒட்டுததுக்கு முந்தின துண்டான எங்க ஆப்ஜெக்ட் ஃபைல் எல்லாம் குடுக்கணும். இது டாக்குமென்ட்ல எங்கயும் கிடையாது, பில்டு ஸ்கிரிப்ட வரிவரியா படிச்சாதான் தெரியும்.

ஃபான்ட்டு தனிக் கதை. ஓஎஃப்எல்ங்குத ஃபான்ட் லைசன்ஸ்ல இருக்க ஃபான்ட், அத பிடிஎஃப்ல எம்பெட் பண்ணா பில்லு ஓஎஃப்எல் ஆயிராது, அந்த பயம் வேண்டாம். ஆனா ஒரிஜினல் ஆளுங்க பேர ரிசர்வ் பண்ணிருந்தா, மாத்துன ஃபான்ட்ட அதே பேருல குடுக்கக் கூடாது. இவனுவ பாதி எழுத்த வெட்டி எறிஞ்சிட்டு அதே ரிசர்வ் பேருலயே வச்சிருக்கானுவ.

இப்ப புது வெர்ஷன்ல நோட்டீஸ் ஃபைல் ஒண்ணு வந்திருக்கு, அதத்தான் சரி பண்ணிட்டோம்னு சொல்லுதது. தொறந்து பாத்தேன். லைசன்ஸ் வாசகம் எல்லாத்தையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கொட்டி வச்சிருக்கு, வெர்ஷன் இல்ல, எந்த ஃபைலுக்குன்னு இல்ல, ஃப்ரிபிடிக்கு நேரா எம்ஐடின்னு போட்டுருக்கு. எதோ டூல ஓட்டி, அது ரூட்ல இருக்க லைசன்ஸப் பாத்து எழுதுனத அப்படியே போட்டுட்டானுவ போல. ஒண்ணுமே சொல்லாம இருந்தப்ப நம்மளாவது சந்தேகப்பட்டுத் தேடுவோம், இப்ப தப்பா சொல்லி அந்தத் தேடலையும் நிப்பாட்டிருவானுவ.

சரி, ரெண்டு மூணு பேரு ராத்திரி உக்காந்து சும்மா எழுதிக் குடுக்குதது, காசு வாங்கல, எம்ஐடிலயே உத்தரவாதம் எதுவும் கிடையாதுன்னு எழுதியிருக்கு, ஒத்துக்கிடுதேன். திருத்தி ஒரு பேட்ச்சும் அனுப்பிருக்கேன், அது அங்கயே கெடக்கு. ஆனா இதுல கஷ்டமான வேலை ஒண்ணும் இல்ல. நம்பைங்குத பைத்தான் கணக்கு லைப்ரரியோட வீல் ஃபைல்ல (இன்ஸ்டால் பண்ணுத பொட்டலம்) இருக்க லைசன்ஸப் பாருங்க: பேரு, எந்த ஃபைல், எப்படி சேந்திருக்கு, சோர்ஸ் எங்க கெடைக்கும், என்ன லைசன்ஸ். கூட வாற ஓபன்பிளாஸ்ங்குத லைப்ரரிக்கு பிஎஸ்டி லைசன்ஸ்னும், லிப்ஜிஃபோர்ட்ரான்ங்குத லைப்ரரிக்கு ஜிபிஎல் 3, ஜிசிசி கம்பைலரோட விதிவிலக்கோடன்னும் நேரா எழுதிருக்கு. அதப் படிக்க வக்கீல் வேண்டாம்.

அப்ப தீர்ப்பு என்னன்னா, தமிழ் எழுத்துக்கு இதவிட நல்லது நான் பாத்ததில்ல, நீ போடாத. சர்வர்ல மட்டும்னா போட்டுக்கோ, கடையில இன்ஸ்டால் பண்ணுதன்னா கிட்டயே போவாத. இருக்குத கடைங்களுக்கு அரபி வேண்டாம்ங்கதால ஃப்ரிபிடிய வெட்டி எறிஞ்ச பில்டு ஒண்ணு தனியா வச்சு ஓட்டுதேன். துபாய்க்காரருக்கு ஹார்ஃப்பஸ்ஸையும் ஃப்ரீடைப்பையும் நேரா எடுத்து, ஃப்ரிபிடிய தனி டிஎல்எல்-ஆ வச்சு நானே கட்டிட்டிருக்கேன், வேலை இழுக்குது, ஆனா அவங்க ஐடி ஆளுங்க கேட்ட லிஸ்ட் ஒரே நாள்ல ரெடி ஆச்சு.