குத்தினாலும் கைவிட முடியாத நூல்: லெட்லோபி பற்றி ஒரு மதிப்பீடு

டொரண்டோவில் செப்டெம்பர் நடுப்பகுதி கடந்ததும், பின்னலை விருப்பமாகச் செய்பவர்களின் கை தடித்த கம்பளி நூலைத் தேடத் தொடங்கிவிடும். வேலை முடிந்து வீடு வந்து, சமையலையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் கவனித்த பிறகு மிஞ்சுகிற ஒரு மணி நேரத்தில்தான் எங்களில் பெரும்பாலோர் ஊசியைக் கையில் எடுக்கிறோம். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு நவம்பர் குளிருக்கு முன்னால் ஒரு ஸ்வெட்டரைப் பின்னி முடிக்க வேண்டுமானால், எந்த நூலை வாங்குகிறோம் என்பதிலேயே பாதிக் காரியம் முடிவாகிவிடுகிறது. இந்தப் பருவத்துக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் நூல் ஐஸ்லாந்தின் ஈஸ்டெக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் லெட்லோபி. ‘அது குத்தும்’ என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவோர் பலர் இருக்கிறார்கள். குத்துவது உண்மைதான். ஆனால் தோலைக் குத்துகிற அதே மயிர்தான் இந்நூலின் நன்மைகளில் பலவற்றுக்கும் காரணமாக இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குபவர் ஏமாற மாட்டார் என்பது என் கருத்து.

முதலில் அளவுகள். ஓர் உருண்டை 50 கிராம். அதில் 100 மீட்டர் நூல் இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணிகளும் 24 வரிசைகளும் வரும் என்று சுற்றுத்தாளில் குறித்திருக்கிறார்கள். இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் மாலை நேரப் பின்னலாளருக்கு இந்நூல் ஏன் ஏற்றது என்பது விளங்கும். 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றுக்கு 432 கண்ணிகள் போதும். 28 கண்ணியும் 36 வரிசையும் கேட்கும் மெல்லிய நூலில் அதே சதுரத்துக்கு 1008 கண்ணிகள் போட வேண்டியிருக்கும். நடுத்தர அளவுள்ள பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டருக்குச் சுமார் 9 அல்லது 10 உருண்டைகள் செல்லும்; ஆகவே முழு ஆடையும் அரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. இதே தடிப்புள்ள மெரினோ நூல்களில் (மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளியில் நூற்றவை) 50 கிராமுக்கு 80 மீட்டர் அளவில்தான் பெரும்பாலும் கிடைக்கும் என்பதால், அவற்றில் பின்னிய ஆடை கூடுதலாகக் கனக்கும். அந்தக் கனத்தினாலேயே நாளடைவில் கீழே இழுபட்டு நீண்டும் விடும்.

இந்த இலேசுக்கு ஆட்டின் உரோமமே காரணம். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் ஐஸ்லாந்தில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஆடுகளின் வழிவந்த இனம், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வேறு இனங்களோடு அதிகம் கலக்காமல் அங்கேயே வளர்ந்து வந்திருக்கிறது. கோடை முழுவதும் மலைப்புறங்களில் மேய்ச்சலுக்கு விடப்படும் இந்த ஆடுகளைச் செப்டெம்பரில் ஊரே திரண்டு ஓட்டிவந்து, காதில் இட்ட அடையாளத்தைப் பார்த்து உரியவர்களிடம் பிரித்துக்கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அவற்றின் உடலில் இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. வெளி அடுக்கான டோக் நீளமானது, பளபளப்பானது, மழையை வழிந்தோடச் செய்வது. உள் அடுக்கான தெல் குட்டையானது, மென்மையானது, காற்றைத் தன்னுள் பிடித்து வைத்து உடலின் வெப்பத்தைக் காப்பது. லோபி வகை நூல்களில் இவ்விரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே நூற்கிறார்கள். நூலின் ஒரு துண்டைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இதைக் கண்ணாலேயே காணலாம்: நடுவில் பஞ்சு போன்ற குட்டை இழைகள் அடர்ந்திருக்க, அவற்றை ஊடறுத்துக்கொண்டு நீண்ட நேரான மயிர்கள் பக்கவாட்டில் நீட்டி நிற்கும்.

குத்துவதும் அந்த நீண்ட மயிர்கள்தான். பொதுவாக 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தடிப்புள்ள இழைகளின் நுனிகள் வளைந்து கொடுக்காமல் தோலில் அழுந்துவதால் அரிப்பு ஏற்படுகிறது. மெல்லிய மெரினோ இழைகள் வளைந்துவிடுவதால் அவை அந்தத் தொல்லையைத் தருவதில்லை. நான் பின்னிய ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்த அம்மா, “சாக்கு மாதிரிக் கிடக்கு பிள்ளை, இதை எப்படி மேலிலே போடுறது?” என்று கேட்டார். கழுவிக் காயவைத்த பின் மீண்டும் கையில் கொடுத்தபோது அந்தப் பேச்சு வரவில்லை என்றாலும், கழுத்தில் சால்வை இல்லாமல் அதை அணிய அவர் இன்றுவரை சம்மதிக்கவில்லை. கழுவினால் இந்நூல் குறிப்பிடத்தக்க அளவு மென்மை அடையும், ஆனால் மெரினோவாக மாறிவிடாது. கடையில் உருண்டையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். உள்ளங்கை எதையும் தாங்கும், கழுத்து தாங்காது. மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னிக் கழுவிக் காயவைத்து, அதைக் கழுத்தோரத்தில் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் வீட்டு வேலை பார்த்தால் உங்கள் தோலே பதில் சொல்லிவிடும். குழந்தைகளின் உடுப்புக்கும், நேரடியாகத் தோலில் படும் கழுத்துச் சுற்றிக்கும், தொப்பிக்கும் இந்நூலை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். முழுக்கைச் சட்டைக்கு மேல் அணியும் ஸ்வெட்டருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

பின்னும்போது இந்நூல் நடந்துகொள்ளும் விதமே என்னை இதனோடு பிணைத்தது. ஐஸ்லாந்து ஸ்வெட்டரான லோபபெய்சாவின் அமைப்பு எளிமையானது: உடலையும் இரு கைகளையும் வட்ட ஊசியில் தனித்தனிக் குழாய்களாக அக்குள் வரை பின்னி, மூன்றையும் ஒரே ஊசியில் சேர்த்து, யோக் எனப்படும் கழுத்தைச் சூழும் பகுதியில் பல நிறக் கோலத்தைப் போட்டபடியே கண்ணிகளைக் குறைத்துக்கொண்டு மேலே செல்ல வேண்டும். உடல் பகுதி முழுவதும் நிட் எனப்படும் அடிப்படைக் கண்ணிகள் மட்டுமே என்பதால், சப்வேயில் நின்றுகொண்டும் மருத்துவரின் காத்திருப்பு அறையில் அமர்ந்துகொண்டும் கவனம் சிதறாமல் பின்ன முடிகிறது. கோலப் பகுதியில்தான் நூலின் சொரசொரப்பு கைகொடுக்கிறது. பின்புறமாக ஓடும் இரண்டாம் நிறத்து நூல் வழுக்காமல் பக்கத்து இழைகளைப் பற்றிக்கொள்வதால், வழவழப்பான நூல்களில் காணப்படும் சுருக்கமும் இடைவெளியும் இதில் குறைவு. கண்ணி ஒன்று ஊசியிலிருந்து நழுவினாலும் அது பல வரிசைகள் கீழே ஓடிவிடாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். உருண்டை முடிந்து அடுத்ததைத் தொடங்கும்போது, இரண்டு நுனிகளையும் சற்றுப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நீரில் நனைத்து உள்ளங்கைகளுக்கு இடையே வேகமாகத் தேய்த்தால் அவை ஒன்றாக இறுகிவிடுகின்றன. இயந்திரத்தில் கழுவினாலும் இறுகாதபடி இழையின் மேற்செதில்களை அகற்றும் அல்லது மூடிவிடும் சூப்பர்வாஷ் முறையில் பதப்படுத்தாத கம்பளியில் அந்தச் செதில்கள் அப்படியே இருப்பதால்தான் இது நடக்கிறது.

அந்தச் செதில்களின் உதவியால்தான் ஸ்டீக் என்னும் துணிச்சலான வேலையையும் இந்நூலில் நிம்மதியாகச் செய்யலாம். குழாயாகப் பின்னி முடித்த ஸ்வெட்டரை நடுமார்பில் கத்தரிக்கோலால் மேலிருந்து கீழாக வெட்டித் திறந்து, ஓரங்களில் பட்டி பின்னிக் கார்டிகன் ஆக்குவதே இந்த முறை. வெட்டும் கோட்டின் இருபுறமும் தையல் இயந்திரத்தாலோ குரோஷே ஊசியாலோ ஒரு வரிசை போட்டுவிட்டால் போதும். வெட்டிய நுனிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அவிழாமல் நிற்கும். பட்டுக் கலந்த நூலிலோ சூப்பர்வாஷ் மெரினோவிலோ இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

குறைகளும் உண்டு. நூல் தளர்வாக முறுக்கப்பட்டிருப்பதால், ஆடையின் ஓரங்களைத் தைக்கும்போது வலுவாக இழுத்தால் அறுந்துவிடும். முறுக்கிடையே வைக்கோல் துணுக்குகள் சில சமயம் தென்படும். அவற்றைப் பின்னிக்கொண்டே நகத்தால் எடுத்துவிடலாம். கறுப்பு உடைகளின் மேல் அணிந்தால் முதல் சில வாரங்களுக்கு மயிர் உதிர்வது தெரியும். கண்ணிகள் கூர்மையாகத் தெரிய வேண்டிய கயிறு முறுக்கியது போன்ற நுட்பமான கேபிள் வடிவங்களும் இந்நூலில் மங்கிவிடும்.

நிறங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாயமிடாத வெள்ளை, சாம்பல், கரும்பழுப்பு போன்ற ஆட்டின் இயற்கை நிறங்கள் ஒரு புறம் இருக்க, பல நிறக் கம்பளிகளை நூற்பதற்கு முன்பே கலந்து உருவாக்கும் ஹெதர் நிறங்களில்தான் லெட்லோபியின் அழகு முழுமையாக வெளிப்படுகிறது. துரு நிறம் என்று தூரத்தில் தோன்றும் உருண்டையை அருகில் கொண்டுவந்தால், ஒரே இழைக்குள் செம்மஞ்சளும் பழுப்பும் கருமையும் கலந்து கிடப்பது தெரியும். இப்படிக் கலந்திருப்பதால் எந்த இரண்டு ஹெதர் நிறங்களை அருகருகே வைத்தாலும் அவை முட்டிக்கொள்வது அரிது. நிறப் பொருத்தம் பார்ப்பதில் தயக்கம் உள்ள தொடக்கநிலையாளருக்கு இது பெரிய ஆறுதல். கோலத்தில் வரும் நிறங்களுக்கிடையே வெளிர், கருமை வேறுபாடு மட்டும் போதிய அளவு இருக்கட்டும். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் அது உடனே தெரிந்துவிடும்.

அணிவதற்கு ஏற்ற காலம் அக்டோபரும் நவம்பரும்தான். காலையில் குளிர்ந்து, மதியம் வெயில் எட்டிப்பார்த்து, மாலையில் தூறும் இந்த ஊரின் இலையுதிர் காலத்தில், கோட்டு போடுவதற்கு முந்தைய வாரங்களை இந்த ஒரே ஸ்வெட்டரால் கடத்திவிடலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பெய்யும் சிறு தூறல் உள்ளே இறங்காமல் மேலேயே துளிகளாக நிற்கும், உதறினால் போய்விடும். ஹீட்டர் போட்ட அலுவலகத்துக்குள் இதை அணிந்திருப்பது கடினம் என்பதால், வேலைக்கு அணிய நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே கார்டிகனாகத் திட்டமிடுவது நல்லது. கழுவுவதற்கு வெதுவெதுப்பான நீரும் கம்பளிக்குரிய சோப்பும் போதும். ஊறவைத்த பின், பிழியாமல் துவாயில் சுருட்டி நீரை ஒற்றி, தட்டையாக விரித்துக் காயவிட வேண்டும். சலவை இயந்திரத்தின் வழக்கமான சுழற்சியில் போட்டால் சுருங்கி இறுகிவிடும். அடிக்கடி கழுவவும் தேவையில்லை. இரவு முழுவதும் பால்கனியில் காற்றாட விட்டாலே பெரும்பாலும் போதுமானது.

விலையும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. கையால் சாயமிட்ட மெரினோ நூலில் ஒரு ஸ்வெட்டருக்கு ஆகும் செலவில் ஏறக்குறைய பாதிக்குள் இதில் முடித்துவிடலாம். இதே குடும்பத்தில், 6 மில்லிமீட்டர் ஊசிக்கு உரிய ஆலாஃபோஸ் லோபியும் உண்டு; அது இன்னும் வேகமாக முடியும் என்றாலும், அந்தத் தடிப்பு இங்கே டிசம்பருக்குப் பிறகுதான் பொருந்தும். முறுக்கே இல்லாத பிளோட்டுலோபியைத் தொடுவதற்கு முன் லெட்லோபியில் ஓர் ஆடையாவது பின்னிப் பழகுவது நல்லது. ஒரு செய்தியும் சொல்ல வேண்டும்: ‘ஐஸ்லாந்து லோபபெய்சா’ என்ற பெயருக்கு 2020 முதல் அந்நாட்டில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, ஐஸ்லாந்துக் கம்பளியில் ஐஸ்லாந்திலேயே கையால் பின்னியதற்குத்தான் அந்தப் பெயரை இட்டு விற்கலாம். நம் வீட்டில் பின்னுவதைக் கைவினைச் சந்தையில் விற்க நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளட்டும்.

வாங்கும்போது முதன்மை நிறத்துக்குரிய எல்லா உருண்டைகளிலும் சாய எண் (ஒரே தொகுதியில் சாயமிட்டதைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றைக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னத் தொடங்குவதால், நாட்கள் கழித்துக் கடைக்குத் திரும்பிப் போனால் அதே எண் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.