முதல் டிஎஸ்எல்ஆர்: கேனன் 200டியா, நிக்கான் டி3500ஆ, பழைய டி7000ஆ?

கையில் இருக்கும் பணம் கொஞ்சம், ஆனால் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸை மாற்றி மாட்டக்கூடிய கேமரா)தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி, பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் அதற்கு அடுத்ததாக வாங்கப்போகும் லென்ஸைப் பற்றி யோசியுங்கள். கேமராவோடு வரும் 18-55 எம்எம் கிட் ஜூம் லென்ஸ் பகல் வெளிச்சத்துக்குப் போதும். ஆனால் முழுதாக ஜூம் செய்து 55இல் வைத்தால் அது எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). எஃப்/1.8 வரை திறக்கும் லென்ஸ் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சாயங்காலம் வீட்டுக்குள் ஓடி விளையாடும் குழந்தையைக் கலங்காமல் எடுக்க முடியுமா என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. மெகாபிக்சலுக்கு அதில் பெரிய பங்கில்லை.

தயாரிப்பாளர்கள் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால், இங்கே பேசும் மூன்றும் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். சிறிய பட்ஜெட்டுக்கு அது நல்லதே.

நிக்கான் டி3500 வந்தது 2018இல். 24 மெகாபிக்சல் சென்சார். நிழலில் இருண்டுபோன முகத்தை எடிட்டிங்கில் வெளுப்பாக்கினாலும் புள்ளிப்புள்ளியாகச் சிதறாமல் தாங்கும். ஒரு சார்ஜுக்கு 1550 படம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. கேனன் 200டிக்கு அது 650. பேட்டரியும் கார்டும் போட்ட பிறகும் டி3500இன் எடை 415 கிராம்தான். தொடுதிரை இல்லை, திரையை வெளியே திருப்ப முடியாது, மைக் சொருக இடமில்லை.

இதைவிட முக்கியமான ஒரு குறையைப் பலர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். டி3500 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸை வாங்கி மாட்டினால், அது கச்சிதமாகப் பொருந்தும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த வரிசையில் 35 எம்எம் எஃப்/1.8ஜி டிஎக்ஸ் இருக்கிறது. இந்த சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது என்பதால், இதில் அது ஃபிலிம் கால 50 எம்எம் போலப் பார்க்கும். சின்ன அறையிலும் சுவரில் முதுகு இடிக்காமல் இரண்டு மூன்று பேரை எடுக்கலாம். முதல் ப்ரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) எது என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

கேனன் பக்கம் மோட்டார் குழப்பமே இல்லை. 1987இல் இஎஃப் மவுண்ட் (லென்ஸை மாட்டும் அமைப்பு) வந்ததிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள்தான். 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் 160 கிராம் எடையுள்ள குட்டி லென்ஸ், 200டியில் மாட்டியதும் தானாக ஃபோகஸ் செய்யும். ஆனால் இதன் சின்ன சென்சாருக்காக 1.6 மடங்கு பெருக்கினால் ஃபிலிம் கால 80 எம்எம் போல ஆகிவிடுகிறது. ஒருவர் முகத்துக்கு அழகு, குடும்பப் படத்துக்கு அறை போதாது. 24 எம்எம் எஃப்/2.8 எஸ்டிஎம் வாங்கினால் இடம் கிடைக்கும், ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் எஃப்/1.8இல் வருவதில் பாதிகூட இருக்காது. இந்தச் சின்ன சென்சாருக்கென்றே உள்ள இஎஃப்-எஸ் வரிசையில் எஃப்/1.8 ப்ரைம் ஒன்றுகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் வீடியோ என்று வந்துவிட்டால் பேச்சே இல்லை, 200டிதான். டூயல் பிக்சல் ஃபோகஸ் (சென்சாரே ஃபோகஸைக் கண்டுபிடிக்கும் முறை), திருப்பக்கூடிய தொடுதிரை, மைக் சாக்கெட், மூன்றும் இருக்கின்றன. திரையில் முகத்தைத் தொட்டால் போதும், நடந்து வருபவரை விடாமல் பின்தொடரும். டி3500 அதே வேலைக்குத் தடுமாறும். வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம்) வழியாக எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒன்றில் 9 ஃபோகஸ் புள்ளி, மற்றதில் 11, இரண்டிலும் நொடிக்கு 5 படம். அப்புறம், கேனன் 1300டி பற்றியும் கேட்பார்கள். நொடிக்கு 3 படம், டூயல் பிக்சல் இல்லை. விலையில் பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் பாருங்கள்.

மூன்றாவது, 2010இல் வந்த நிக்கான் டி7000. வயதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். பாடிக்குள் மோட்டார் இருப்பதால் அந்தப் பழைய 50 எம்எம் டி லென்ஸும் இதில் தானாக ஃபோகஸ் ஆகும். 39 ஃபோகஸ் புள்ளி. பென்டாபிரிசம் (கண்ணாடிக் கட்டி) வைத்த வியூஃபைண்டர் எடுக்கப்போகும் படத்தை முழுதாகக் காட்டும். மற்ற இரண்டிலும் 95 சதவீதம்தான் தெரியும்.

எனக்குப் பெரிதாகப் படுவது இதன் இரண்டு டயல்கள். கட்டைவிரலுக்கு ஷட்டர் வேகம், ஆள்காட்டி விரலுக்கு அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு). டி3500இல் மேனுவலில் அப்பர்ச்சரை மாற்ற ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே ஒற்றை டயலைச் சுற்ற வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இதை ஒரு நாளில் நூறு தடவை செய்வோம். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் இரண்டையும் மாற்ற முடிந்தால், எது எதை மாற்றுகிறது என்பது விரலுக்கே பழகிவிடும். பதிலுக்கு 780 கிராம் சுமக்க வேண்டும், 16 மெகாபிக்சல்தான், வீடியோவை மறந்துவிட வேண்டும். ஏஎஃப்-பி லென்ஸ்களும் இதில் ஃபோகஸ் ஆகாது.

என் தேர்வைக் கேட்டால்: வீடியோ பாதி வேலையென்றால் 200டி. எடை குறைவாக, எப்போதும் பையில் இருக்க வேண்டுமென்றால் டி3500உம் 35 எம்எம்மும். கிட் லென்ஸோடு வாங்குவதாக இருந்தால் அதன்மேல் விஆர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், கை நடுக்கத்தைச் சமாளிக்காத வகையும் அதே பெயரில் வருகிறது. புகைப்படத்தை ஆழமாகக் கற்க ஆசையும், நல்ல நிலையில் ஒரு டி7000உம் சேர்ந்து கிடைத்தால், நான் யோசிக்காமல் அதையே எடுப்பேன்.

வாங்குவதற்கு முன் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை, கேளுங்கள். டி7000இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. எஃப்/16இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சார் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே சிலந்திவலை மாதிரி இழை ஓடினால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.