ஆம்பூர் பிரியாணி போர்டும் இலவம்பாடி முள்ளும்

வேலூரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ‘ஆம்பூர் பிரியாணி’ என்று ஒரு போர்டு கண்ணில் படும். சென்னையிலும் அப்படித்தான். ஆம்பூர் பக்கமே போகாதவர்கூட எழுதி மாட்டிக்கொள்கிறார், யாரும் கேட்பதில்லை. தனி விளம்பரமும் வேண்டாம்: வாசலில் சிவப்புத் துணி கட்டிய அண்டா, மூடியைத் திறந்ததும் தெருவரை வரும் சீரகச் சம்பா வாசனை. போன வாரம் அப்படி ஒரு போர்டை நம்பி உட்கார்ந்தேன். இலையில் விழுந்தது பாசுமதி. “ஆம்பூர்னா சீரகச் சம்பா ஆச்சே?” என்றேன். “மசாலா ஆம்பூர்தான் சார்” என்றார் பரிமாறியவர். சரி, பசி வேறு.

வேலூர் மாவட்டத்து இலவம்பாடி கிராமத்தின் முள்ளுக் கத்திரிக்காயின் கதை தலைகீழ். 2023இல் வேலூர் பெயரில் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. பெயருக்குச் சட்டக் காவல் உண்டு. ஆனால் மார்க்கெட்டில் குவித்து வைத்த காயில் ஸ்டிக்கரா ஒட்டியிருக்கிறது? காம்பைப் பிடித்ததும் விரலில் சுருக்கென்று ஏறும் முள்தான் முத்திரை. “பாத்து எடும்மா, குத்தும்” என்று கடைக்கார அம்மா சொல்வதைவிட நல்ல விளம்பர வாசகம் நான் கேட்டதில்லை.

என் ஓட்டு கத்திரிக்காய்க்கு. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வருவதும் கத்திரிக்காய்தான். அது எந்த ஊர்க் காய் என்று மட்டும் ஒரு போர்டிலும் எழுதுவதில்லை.