சில்லறை மூட்டையை எடைபோட்டு வாங்கும் வியாபாரிகள் கவனத்திற்கு

வங்கியில் சில்லறை கிடைக்காத நாட்களில், கமிஷனுக்குக் கொண்டுவந்து தருபவர்களிடம் எடைபோட்டு வாங்கும் வழக்கம் நம் கடைத்தெருக்களில் பரவலாக உள்ளது. இரண்டு ரூபாய் நாணயங்களை அவ்வாறு வாங்குபவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இப்பதிவைப் படித்துவிட வேண்டுகிறேன்.

மதுரையில் மளிகைக் கடை நடத்தும் என்னிடம் ஒருவர் இரண்டு ரூபாய் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். 2011-இல் வெளிவந்த இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 4.85 கிராம், ஆகவே 9.7 கிலோ இருந்தால் இரண்டாயிரம் நாணயங்கள், அதாவது நாலாயிரம் ரூபாய் என்பது அவர் சொன்ன கணக்கு. கணக்கு சரிதான். எலக்ட்ரானிக் தராசிலும் எடை பிசகாமல் நின்றது. மூட்டையின் வாயை அவிழ்த்து அவர் அள்ளிக் காட்டிய நாணயங்களிலும் ரூபாய்க் குறியும் 2 என்ற எண்ணும் தெளிவாக இருந்தன. நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷனும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினேன்.

இரவில் கொட்டி எண்ணியபோது, மேலே இருந்த இரண்டு மூன்று கையளவைத் தாண்டியதும் கதிர் பொறித்த பழைய ஒரு ரூபாய் நாணயங்கள் கலந்து வரத் தொடங்கின. மொத்தம் 640. நாணயங்களின் எண்ணிக்கை இரண்டாயிரம் இருந்தும் மதிப்பு 3,360 ரூபாய்தான். கமிஷன் இருநூறையும் சேர்த்தால் என் நட்டம் 840 ரூபாய். மறுநாள் கேட்டதற்கு, "எடை சரியாகத்தானே இருந்தது அண்ணாச்சி, உங்கள் தராசில்தானே போட்டோம்" என்று சொல்லிவிட்டு அவர் தொடர்பையே துண்டித்துக்கொண்டார்.

இந்த ஏமாற்று இவ்வளவு எளிதாக நடப்பதற்குக் காரணம், 1992 முதல் புழக்கத்துக்கு வந்த எஃகு ஒரு ரூபாயும் 2011-இன் இரண்டு ரூபாயும் எடையில் 4.85 கிராம், விட்டத்தில் 25 மில்லிமீட்டர் என ஒரே அளவில் இருப்பதே. இரண்டும் எஃகு என்பதால் காந்தமும் வேறுபாட்டைக் காட்டாது. பழைய இரண்டு ரூபாய் நாணயங்கள் இவற்றைவிடப் பெரியவை. ஆகவே இரண்டு ரூபாய் மூட்டையில் 25 மில்லிமீட்டர் அளவில், ரூபாய்க் குறி இல்லாத நாணயம் தென்பட்டால் அது ஒரு ரூபாய்தான். பாமர மக்கள் கைமாற்றும் காசிலேயே இப்படிக் கைவைப்பது மிகுந்த வேதனை தருகிறது.

ஐந்து ரூபாயில் நட்டம் இதைவிடப் பெரிது. பழைய கனத்த வெள்ளை நாணயம் 9 கிராம், 2011-இன் மஞ்சள் நாணயம் 6 கிராம். ஆறு கிலோ மூட்டை மஞ்சள் நாணயமாக இருந்தால் ஐயாயிரம் ரூபாய்; முழுவதும் பழையதாக இருந்தால் 3,335 ரூபாயைத் தாண்டாது. 2019-இல் வந்த புதிய வரிசையில் எடைகள் மீண்டும் மாறியிருப்பதால், கலந்து கட்டிய மூட்டைக்கு எடைக் கணக்கு எவ்விதத்திலும் பொருந்தாது.

நாணயங்களை நூறு நூறாகப் பாலித்தீன் பைகளில் இட்டுக் கொடுப்பது வசதியானது என ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு அளித்த அறிவுறுத்தலில் குறிப்பிட்டுள்ளது. வெளியில் வாங்கும்போதும் நூறு நூறாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஏதேனும் ஒரு பையை நீங்களே தேர்ந்தெடுத்து, அவர் முன்னிலையில் கொட்டி இருபுறமும் பாருங்கள். அதற்கு உடன்படாதவரிடம் ஒரு பைகூட வாங்க வேண்டாம்.