என் எருதைத் திருப்பிப்போட்டு விற்றார்கள்

போன வருஷம் ஜனவரியில் கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் எருது விடும் விழா. அண்ணன் குடும்பத்தோடு போயிருந்தேன். தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் ஒரே மாதிரி கறுப்பு டீ-ஷர்ட் போட்ட பையன்கள் கூட்டமாக நின்றார்கள். முதுகில் பாய்ந்துவரும் எருது படம், அதன் கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டி. அண்ணன் மகள்தான் முதலில் பார்த்தாள். "அத்தை, அது நம்ம எருது. ஆனா என் எழுத்து தப்பா இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. அந்த எருதை நான் வரைந்தபோது, தட்டியின் மூலையில் அவள் பெயரின் முதல் எழுத்தான 'மு'வைச் சின்னதாகப் போட்டிருந்தேன். பையன் முதுகில் அந்த எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகக் கிடந்தது. படத்தை அப்படியே திருப்பிப்போட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

"தம்பி, இது எங்க வாங்கினது?"

"ஆன்லைன்லக்கா. டீமுக்கே இருபத்திரண்டு பீஸ் எடுத்தோம். ஒண்ணு 379."

நாம் ஏற்றும் படத்தை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கும் தளம் ஒன்றைச் சொன்னான். அதில்தான் நானும் என் டிசைன்களை ஏற்றியிருந்தேன். அங்கேயே நின்று போனில் என் கணக்கைத் திறந்தேன். எருது டிசைனுக்கு எதிரே விற்பனை: 0.

இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம், தர்மபுரி, ஓசூர், பர்கூர் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய பேர் டேப்லெட்டில் நன்றாக வரைகிறார்கள். எங்கே விற்கலாம் என்று என்னிடமே கேட்கிறார்கள். நான் ஏமாந்த இடத்தில் அவர்கள் ஏமாறக் கூடாது.

2024 ஆகஸ்டில் சேர்ந்தேன். இன்ஸ்டாகிராமில் என் படங்களைப் பார்த்துவிட்டு அந்தத் தளத்துப் பிரதிநிதி ஒருவர் பேசினார். நன்றாகத் தமிழ் பேசினார். மல்லச்சந்திரம் கற்திட்டை, பெங்களூரா மாங்காய்க் கொத்து, நடுகல் வீரன் என்று நான் வரைந்திருந்த 38 படங்களையும் ஒவ்வொன்றாகப் புகழ்ந்தார். பிறகு, "மேடம், உங்ககிட்ட ஜிஎஸ்டி நம்பர் இல்ல. அது இல்லாம எந்த ஆன்லைன் தளத்திலயும் விற்க முடியாது. எங்ககிட்ட மட்டும்தான் முடியும்" என்றார். அதை நம்பினேன். ஆறு மாதம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. வருட விற்பனை வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே, சேர்க்கை எண் (enrolment number) ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, சொந்த மாநிலத்துக்குள் ஆன்லைன் தளங்கள் வழியாகப் பொருள் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதலே விதி இருக்கிறது. வெளிமாநிலத்துக்கு அனுப்பத்தான் அது போதாது. நான் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

"பிரீமியம் கடை" என்று சொல்லி 4,999 ரூபாய் வாங்கினார்கள். வீட்டுக்காரர் பர்கூர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். அவருக்கு அன்றே மனசு ஒப்பவில்லை. "சரக்கை எடுத்துக்கிறவன்தானே காசு கொடுக்கணும், நம்மகிட்ட ஏன் கேக்கறான்?" என்றார். நான் கேட்கவில்லை.

கணக்கு இப்படி: டீ-ஷர்ட்டின் அடிப்படை விலை 299, அதை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். விற்கும் விலை 379. நடுவே இருக்கும் 80 ரூபாய் எனக்கு. அதிலும் விளம்பரச் செலவு என்று கொஞ்சம் பிடிப்பார்கள். ஐந்து மாதத்தில் 7 பீஸ் விற்றதாகக் காட்டினார்கள், எனக்கு 412 ரூபாய். ஆனால் 1,000 ரூபாய் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். அது சேரவே இல்லை.

விழா முடிந்து வந்த இரவு தூக்கமே வரவில்லை. தளத்தில் தேடித் தேடிப் பார்த்ததில், அதே தளத்துக்குள் வேறொரு பெயரில் இருந்த கடையில் என் எருதும், நடுகல் வீரனும், மாங்காய்க் கொத்தும் திருப்பிப்போட்டுக் கிடந்தன. புகார் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: நீங்கள் ஏற்றுக்கொண்ட விதிமுறையின் 14-ஆவது பத்திப்படி இது அனுமதிக்கப்பட்ட பயன்பாடு.

அன்றுதான் அந்தப் பத்தியைப் படித்தேன். நான் ஏற்றும் படங்களுக்கு நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, உலகம் முழுவதற்குமான, பிறருக்கு மாற்றித் தரக்கூடிய, மாற்றங்கள் செய்துகொள்ளக்கூடிய உரிமத்தை அவர்களுக்குத் தருகிறேனாம். கணக்கை மூடினாலும் அது தொடருமாம். அதற்கு எனக்குத் தரும் பணத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கட்டத்தில் டிக் அடிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். பொறுமையாக விளக்கினார். படம் வரைந்த நிமிடமே பதிப்புரிமை வரைந்தவருக்கு வந்துவிடுகிறது, அதற்குப் பதிவு கட்டாயமில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் "நிரந்தர", "உலகம் முழுவதும்" என்ற இரண்டு சொல்லையும் இவர்கள் மறக்காமல் போட்டு வைத்திருக்கிறார்கள். தங்கள் மேல் வழக்கு என்றால் வெளிமாநில நகரத்தில்தான் நடக்கும் என்றும் விதிமுறையில் எழுதியிருந்தது. பதிப்புரிமை மீறல் வழக்கை, உரிமையாளர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போட அதே சட்டத்தின் 62-ஆவது பிரிவு வழி தருகிறது என்றார் அம்மா. அந்த வார்த்தையில்தான் எனக்கு உயிர் வந்தது.

இன்னொன்றும் சொன்னார், டீ-ஷர்ட் டிசைன் செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதிவு செய்யாமலே விட்டு, நாமோ நம் அனுமதியோடு வேறொருவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் பதித்துவிட்டால், அந்த வடிவத்துக்கான பதிப்புரிமை போய்விடும். தனி ஓவியமாக வரைந்ததற்கு இது எந்த அளவு பொருந்தும் என்பதில் வாதம் உண்டாம். அதனால் நன்றாக விற்கும் என்று தெரிகிற டிசைனை, வெளியே விடும் முன்பே வடிவமைப்பாகப் பதிவு செய்வது பற்றி வக்கீலைக் கேளுங்கள். வெளியிட்ட பிறகு பதிய முடியாது.

வேறு தளங்களை இப்போதுதான் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நம் படத்தைப் பொருள்களில் அச்சடித்து விற்கும் வெளிநாட்டுத் தளமான ரெட்பபிளில் உரிமை வரைந்தவரிடமே இருக்கிறது, தளத்துக்குக் கிடைப்பது விற்பதற்கான அனுமதி மட்டும். அடிப்படை விலைக்கு மேல் நம் பங்கை நாமே வைக்கலாம், ஆரம்ப அளவு 20 சதவீதம். ஆனால் 2023 முதல் சாதாரண நிலைக் கணக்குகளின் வருமானத்தில் ஒரு கட்டணத்தையும் பிடிக்கிறார்கள், அதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். கைவினைப் பொருள்களை விற்கும் வெளிநாட்டுத் தளமான எட்ஸியில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்க சென்ட், நான்கு மாதம் வரை இருக்கும். விற்றால் 6.5 சதவீதம் தனி. அதில் பொருளைத் தயாரிப்பதும் அனுப்புவதும் நம் பொறுப்பு. இவற்றில் எது உங்களுக்குச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். சேருவதற்கு முன்பே கட்டணமும் உரிமமும் வெளியே தெரிகிறது, அதைச் சொல்கிறேன். நான் சேர்ந்த தளத்தில் பணம் கட்டிய பிறகுதான் முழு விதிமுறையும் திறந்தது.

ஏற்றுவதற்கு முன் விதிமுறையில் "திரும்பப் பெற முடியாத" என்ற சொல்லைத் தேடுங்கள். கணக்கை மூடினால் படம் என்ன ஆகும் என்பதைத் தேடுங்கள். குறைதீர் அலுவலரின் பெயர் தளத்தில் இருக்கிறதா பாருங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி பெயரும் தொடர்பு விவரமும் வெளியிட வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நான் சேர்ந்த இடத்தில் ஒரு படிவம் மட்டுமே இருந்தது, ஆள் பெயரே இல்லை. முழு அளவு மூலக் கோப்பைக் கேட்டால் கொடுக்காதீர்கள், அச்சுக்குத் தேவையான கோப்பு போதும். அடுக்கடுக்காக வரைந்த மூலக் கோப்பை, தேதியோடு உங்களிடமே வையுங்கள். நான் அதையும் அனுப்பியிருந்தேன். நல்லவேளை, என் டேப்லெட்டில் வரைந்த தேதியோடு பிரதி இருந்தது. வக்கீல் அம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

இருபத்திரண்டு பீஸுக்கு என் பங்கு கணக்குப் போட்டால் 1,760 ரூபாய்தான். எத்தனை டீம் இன்னும் வாங்கியது என்று தெரியவில்லை. பணத்தைவிட, அவள் பெயரெழுத்தைக்கூடக் கவனிக்காமல் திருப்பிப்போட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

4,999 ரூபாய்க்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன், தமிழிலேயே பேசலாம். மீறலுக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறேன். உங்களிடமோ உங்கள் ஊர் டீமிடமோ, தட்டியில் 'மு' இடம் வலமாக மாறிக் கிடக்கும் கறுப்பு எருது டீ-ஷர்ட் இருந்தால், வாங்கிய பில்லின் படத்தை எனக்கு அனுப்புங்கள். பெயரும் முகவரியும் மறைத்து அனுப்பினால் போதும், தேதியும் கடைப் பெயரும்தான் எனக்கு வேண்டும்.