பங்குனி வெயிலில் குடும்பத்தோடு: கண்டிகோட்டாவா, ஏலகிரியா, ஜவ்வாதா?

பரீட்சைக்கு நடுவில் கிடைக்கிற சனி, ஞாயிறு, இல்லையென்றால் யுகாதி விடுமுறை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது கிளம்பலாம் என்று பேச்செடுத்தால் வேலூரில் மூன்று பெயர்கள் வரும். ஆந்திராவில் வட பெண்ணையாறு பாறையைப் பிளந்துகொண்டு ஓடும் கண்டிகோட்டா. எல்லோருக்கும் தெரிந்த ஏலகிரி. பக்கத்திலேயே இருந்தும் பலர் ஏறிப் பார்க்காத ஜவ்வாது மலை.

தூரத்தையும் படத்தையும் பார்த்து முடிவெடுத்தால் மாசி, பங்குனியில் ஏமாறுவது நிச்சயம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காலை 11 மணியிலிருந்து மாலை 4 வரை குடும்பம் எங்கே இருக்கப்போகிறது? இதற்குப் பதில் இல்லாத பயணத்தில்தான் பிள்ளை வாந்தி எடுக்கும், பெரியவருக்குத் தலை சுற்றும், வண்டிக்குள் சண்டை வரும்.

உயரக் கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். வேலூர் நகரம் 200 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இங்கே 38 டிகிரி என்றால், ஆயிரம் மீட்டரைத் தாண்டி நிற்கும் ஏலகிரியில் 32, 33 இருக்கும். ஜவ்வாது மலையில் 725 மீட்டரில் உள்ள காவலூரில் 34, 35. கண்டிகோட்டாவில் இந்தச் சலுகை கிடையாது. கடப்பா வெயில் அப்படியே பாறையில் இறங்கும்.

கண்டிகோட்டா

காட்சிக்கு இதுதான் முதலிடம், அதில் தகராறே இல்லை. முந்நூறு அடி ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கும் செம்பாறைச் சுவர்கள், அடியில் ஆறு, மேலே கோட்டை. கோட்டைக்குள் மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, தானியக் களஞ்சியம். அசல் பாலைவனம் இல்லை, முள்காடுதான். ஆனாலும் பாலைவனப் பள்ளத்தாக்கு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இவ்வளவு பக்கத்தில் வேறு இடம் இல்லை.

பக்கம் என்றாலும் ஏறத்தாழ 280 கி.மீ. சித்தூர், பீலேரு, ராயசோட்டி, கடப்பா, முத்தனூர், ஜம்மலமடுகு வழியாக, நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. ராயசோட்டிக்கும் கடப்பாவுக்கும் நடுவில் குவ்வலசெருவு மலைப்பாதை வரும். லாரிகள் அதிகம், இறக்கத்தில் அவசரம் கூடாது. அங்கே விற்கிற பால்கோவாவுக்காக நிறுத்துவதில் தப்பில்லை, பிள்ளைகளுக்குக் கால் நீட்டவும் இடம் கிடைக்கும். வாடகை வண்டி என்றால் ஆந்திரா பெர்மிட் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெட்ரோல் ஜம்மலமடுகிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

காலையில் போய் இரவு திரும்புகிற கணக்கு இங்கே உதவாது. அப்படிப் போனால் சரியாக உச்சி வெயிலில்தான் பாறை மேல் நிற்பீர்கள். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டை ஜம்மலமடுகில் முடித்து, நாலு மணிக்கு மேல் கோட்டைக்குள் நுழைய வேண்டும். இரவு தங்கி, மறுநாள் சூரிய உதயம் பார்த்து, ஒன்பதுக்குள் வெளியேறிவிட வேண்டும். தங்குவதற்கு ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி இருக்கிறது. நீண்ட விடுமுறைகளில் சீக்கிரம் நிரம்பிவிடும். கூடாரத்தில் படுக்க ஆசைப்படுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பகலெல்லாம் சூடேறிய பாறை நள்ளிரவு வரை அந்தச் சூட்டை விடும். குழந்தை தூங்காது. பாறையில் ஆணியும் இறங்காது, கயிற்றைக் கல்லில்தான் கட்ட வேண்டும்.

இங்கே பெரிய ஆபத்து விளிம்புதான். பள்ளத்தாக்கு ஓரத்தில் பெரும்பாலும் தடுப்புக் கம்பி கிடையாது. பாறை அடுக்கடுக்காகப் படிந்தது என்பதால் பலகை போலத் தனியாகக் கழன்று நிற்கும் கற்கள் உண்டு. பார்க்க உறுதியாக இருக்கும், மிதித்தால் ஆடும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையைப் பிடித்தபடி. விளிம்புக்குப் பத்தடிக்குள் பிள்ளைகள் போகவே கூடாது. படம் எடுக்கிறவர் உட்கார்ந்து எடுக்க வேண்டும், கேமராவைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகரக் கூடாது. ரப்பர் செருப்பு இங்கே வேலைக்காகாது. ஐந்து வயதுக்குக் கீழே இரண்டு பேர் இருக்கிற குடும்பம் இன்னும் சில வருஷம் பொறுத்துப் போகலாம்.

"மத்தியானம் பேலம் குகைக்குள் போய்விட்டால் வெயில் தெரியாது" என்று சொல்பவர்கள் உண்டு. வெயில் தெரியாதுதான், வேர்வை தெரியும். கண்டிகோட்டாவோடு சேர்த்துப் பார்க்கக்கூடிய, 3,229 மீட்டர் நீளமுள்ள குகை அது. அதில் ஒரு பகுதிதான் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே ஈரப்பதமும் புழுக்கமும் அதிகம், வெளிக்காற்றைக் குழாய் வைத்து உள்ளே தள்ளுகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் அது ஒதுங்குகிற இடமில்லை. மற்றவர்கள் காலையில் முதல் ஆளாக நுழைந்தால் சமாளிக்கலாம்.

ஏலகிரி

பொன்னேரியில் ஆரம்பித்து 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் குமட்டலும் கொஞ்சம் மறக்கும், கண்ணும் வெளியே இருக்கும். ஆம்பூர் பிரியாணியை ஏறும்போது தொடாதீர்கள், இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும்.

மலையேற்றத்துக்காக ஏலகிரி போகிறவர்கள்தான் பங்குனியில் ஏமாறுகிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகின. வனத்துறை வழித்தடங்கள் தீக்காலத்தில் மூடப்படும். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். 1,338 மீட்டர் உயரமுள்ள சுவாமிமலைக்கு ஏறலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்துவிட்டு, அங்கே போய்த் திரும்புவதை விட, வனத்துறையின் முன்பதிவுத் தளத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஜலகாம்பாறை அருவியும் இந்த மாசத்தில் பெரும்பாலும் வெறும் பாறைதான்.

ஆக மிச்சம் இருப்பது புங்கனூர் ஏரிப் படகு, பூங்கா, மரத்தடி. சாகசம் இல்லை, ஆனால் அந்தப் பதினொன்று முதல் நாலு வரையிலான கேள்விக்கு மூன்றில் சிறந்த பதில் இங்கேதான் இருக்கிறது. முட்டிவலி உள்ள பாட்டி, தாத்தா கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம். வண்டி இல்லாதவர்களுக்கும் இதுதான் வசதி: காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில், பிறகு பஸ். பெங்களூர்க் கூட்டம் சனிக்கிழமை மத்தியானம் ஏறும், அதற்கு முன்னால் அறைக்குப் போய்விடுங்கள்.

ஜவ்வாது

எங்கள் ஓட்டு இதற்குத்தான், அதுவும் சனிக்கிழமையில். காரணம் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் கண்ட அவதானிப்புகளில் இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் பெரிய குவிமாடத்தைப் பார்க்கலாம், இரவில் வானம் தெளிந்திருந்தால் சிறிய தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்க்கலாம். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் உச்சத்தில் ஓய்வு, மாலையிலும் இரவிலும் நிகழ்ச்சி என்று நாள் தானாகவே சரியாக அமைவதுதான் இதன் பலம்.

எந்தச் சனிக்கிழமை என்பதும் முக்கியம். வளர்பிறை பஞ்சமியிலிருந்து அஷ்டமிக்குள் விழுந்தால் நிலாவின் பள்ளங்கள் நிழலோடு எடுப்பாகத் தெரியும், பிள்ளைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள். பௌர்ணமியில் நிலா தட்டையாக வெளுத்துப்போகும், நட்சத்திரங்களும் மங்கும். வெறும் கண்ணால் வானம் பார்க்க அமாவாசை வாரம். வானாய்வகத்தை ஒட்டி வண்டியின் ஹைபீம், டார்ச் வேண்டாம்.

பகலுக்குக் கீழ்செப்பிலியில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. ஆளுயரப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் போட்டவை. காலை ஒன்பதரைக்குள் பார்த்துவிடுங்கள். மூடுகல் மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்க வேண்டாம், கல் நகர்ந்தால் கீழே நிற்பவர் மேல் விழும். பீமன் அருவியை நம்பிப் போகாதீர்கள். படங்களில் பார்க்கிற தண்ணீர் மழைக்காலத்தது. ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் வாங்கலாம்.

குறைகளும் உண்டு. தங்கும் இடங்கள் கொஞ்சம்தான், முன்பதிவு இல்லாமல் இரவு நிற்க முடியாது. செல்போன் சிக்னல் பல இடங்களில் அறுந்துபோகும். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியிலோ போளூர் வழியிலோ அடிவாரத்திலேயே டேங்கை நிரப்பிவிட வேண்டும். வானம் பார்த்து முடித்த கையோடு இரவில் மலை இறங்காமல் தங்கிவிட்டு வருவதே உசிதம். மேகம் வந்தால் இரவுக் காட்சி போச்சு, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பர்வதமலையையும் சிலர் சேர்ப்பார்கள். செங்குத்து ஏற்றம், சங்கிலி, கம்பி ஏணி. பக்திக்குப் போகிறவர்கள் போகட்டும், பங்குனி வெயிலில் சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

வண்டியில் என்ன இருக்க வேண்டும்

பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், வெளியில் நாலு மணி நேரம் என்றால் பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர், பிள்ளைக்குக் கால் லிட்டர். குடிக்க மட்டும் ஆறு லிட்டர், முகம் கழுவ இன்னும் மூன்று. கண்டிகோட்டாவுக்கு இதை இரட்டிப்பாக்குங்கள். ஓஆர்எஸ் பொடியில் பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பாதிப் பொடியை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு கூடிக் கெடுதல். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. கட்டுச்சோற்றில் புளிசாதம் தாங்கும். தயிர்சாதம் என்றால் பால் ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள், இல்லையென்றால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.

மலையில் காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சூடான சைலன்சரே தீ வைக்கப் போதும். இறங்கும்போது இரண்டாம் கியர், இஞ்சின் பிடிப்பிலேயே வண்டி போகட்டும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, கடைசி வளைவுகளில் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம்கட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்.