டிஃபால்ட் ஒலி எதில்: மானிட்டரா, பச்சை ஜாக்கா, யூஎஸ்பியா, ப்ளூடூத்தா?

என் கம்ப்யூட்டரில் ஒலி வெளியே வர நான்கு வழிகள்: எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர், பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகிய ஸ்பீக்கர், யூஎஸ்பி ஹெட்செட், ப்ளூடூத் ஹெட்போன். எதை டிஃபால்ட்டாக வைப்பது என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பச்சை ஜாக்கில் வந்து நின்றேன்.

ஒலித் தரத்தைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. மானிட்டரின் குட்டி ஸ்பீக்கர் தகர டப்பா மாதிரி ஒலிக்கும். மற்றதெல்லாம் நீங்கள் மாட்டும் ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் பொறுத்தது.

நான் பார்த்தது வேறு. இந்த நான்கில் எது சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகாது?

மானிட்டர் இதில் மோசம். அதை அணைத்தாலோ, சில மாடல்களில் அது தூங்கப் போனாலோ, கேபிளைக் கழற்றிவிட்டதாகவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். டிஃபால்ட் வேறொன்றுக்குத் தாவும், விழித்ததும் திரும்பத் தாவும். இன்னொரு கூத்தும் உண்டு. ஸ்பீக்கரே இல்லாமல் ஹெட்போன் ஜாக் மட்டும் உள்ள மானிட்டரும் பட்டியலில் வந்து உட்காரும். என் பழைய மானிட்டர் அந்த ரகம். ஒருநாள் சத்தமே வரவில்லை என்று அரை மணி நேரம் டிரைவரை நீக்குவதும் நிறுவுவதுமாக இருந்தேன். வால்யூம் மீட்டர் மட்டும் பச்சையாக ஆடிக்கொண்டே இருந்தது. ஒலியெல்லாம் ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது!

யூஎஸ்பி ஹெட்செட்டைக் கழற்றினால் அதுவும் போயிற்று. வேறு போர்ட்டில் செருகினால், சில சாதனங்களை விண்டோஸ் புது ஆள் என்றே நினைத்து, பெயருக்கு முன்னால் ‘2-’ சேர்த்துப் பதிந்துகொள்கிறது. முன்பு வைத்த வால்யூமும் தேர்வும் வீண். ஒரே போர்ட்டில் நிரந்தரமாகச் செருகி வைக்கும் யூஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கான சிக்னலாக மாற்றும் தனிப் பெட்டி) என்றால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன். நான் ஹெட்செட்டை வைத்துத்தான் சொல்கிறேன்.

ப்ளூடூத்தை ஒரு மாதம்தான் டிஃபால்ட்டாக வைத்திருந்தேன், அதனால் தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டேன். பாட்டுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் மீட்டிங்கில் அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கிய நொடியே ஒலி ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு இறங்கி, பழைய போன் குரல் மாதிரி ஆகிவிட்டது.

பச்சை ஜாக்கில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் கேம் ஓடும்போது மெல்லிய கிர்ர் சத்தம் கேட்டது. பின்பக்கத்துக்கு மாற்றியதும் என் காதுக்கு அது போய்விட்டது. மற்றபடி ஸ்பீக்கர் வயரை நான் தொடுவதே இல்லை. அதனால் அந்த டிஃபால்ட்டும் நகர்வதில்லை.

அப்படியானால் ஹெட்செட்டை என்ன செய்வது? விண்டோஸில் பொதுவான டிஃபால்ட் ஒன்று, அழைப்புகளுக்கான டிஃபால்ட் ஒன்று என்று இரண்டு உண்டு. ஹெட்செட்டை இரண்டாவதில் வைத்துவிட்டேன். இதை மதிக்காத செயலிகளுக்கு ஒலி எதில் போக வேண்டும் என்று தனித்தனியாகவே குறிக்கலாம். 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-இல் அந்த வசதி இருக்கிறது.

மானிட்டரைப் பட்டியலிலேயே முடக்கிவிட்டேன். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த பிறகு சில தடவை அது மறுபடி எட்டிப் பார்க்கிறது. அப்போது இன்னொரு தடவை முடக்கிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.